கப்பலில் முதல் பந்தி

உங்கள் பெட்டியில் என்ன நிறத்தில் சீட்டு கட்டியிருக்கிறார்கள் சார்? ஊதாவா? அப்படியானால் உங்களைக் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது. கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இப்போதுதான் மூன்று நிறம் முடிந்திருக்கிறது. முதலில் பச்சையைக் கூப்பிட்டு இறக்கினார்கள், அடுத்து நீலம், அடுத்து... சரி, அதை விடுங்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நான் இந்தப் பக்கம் வந்துவிடுகிறேன். அந்த ஓரத்தில் இருந்தால் இறங்குகிற வாசல் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

எனக்குத் தென்காசி. பெயர் பால்வண்ணம். வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, எதுவானாலும் அண்டா, வாளி, கரண்டி, மேசை, நாற்காலி எல்லாம் நம் கடையிலிருந்துதான் போகும். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தால் ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். அது ஒன்று தெரியும். எனக்கு ஒருவன் செய்ததை மறக்காமல் இருக்கவும் தெரியும்.

அவன் பெயர் சங்கரபாண்டி. என் வீட்டுக்காரி ஆவுடையின் அண்ணன். என் தங்கச்சி கோமதியைக் கட்டியவனும் அவன்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே மேடை, ஒரே முகூர்த்தம். சங்கரன்கோவிலில் இருக்கிறான். எங்கள் வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். அந்த வீட்டில் நான் கை நனைத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. ஆவுடை ஒரு தடவையாவது அங்கே போய்விட்டு வருகிறேன் என்கிறாள், நான் கூடாது என்கிறேன். பதினேழு வருஷமாக வீட்டில் இதுதான் பேச்சு. இப்போது பேச்சு முற்றிப்போய்க் கிடக்கிறது.

என்ன நடந்தது என்று கேளுங்கள், நீங்களே நியாயம் சொல்லுங்கள். சங்கரபாண்டி மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். முதல் பந்தியில் தாய்மாமன் உட்கார வேண்டும், அது ஊருக்கே தெரிந்த முறை. உட்கார்ந்தேன். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாகிவிட்டது. உப்பு வைத்தார்கள், ஊறுகாய் வைத்தார்கள், லட்டும் வைத்தார்கள். அப்போது வந்து தோளில் கை வைக்கிறான்.

"மாப்ளே, கோவிச்சுக்கிடாத. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க ரெண்டு பஸ்ல வந்து நிக்காங்க. நீ நம்ம ஆளு. அடுத்த பந்தியில நாம ரெண்டு பேரும் சேந்து உக்காருவோம்."

எழுந்துவிட்டேன். அந்த இலையில் யார் வந்து உட்கார்ந்தது என்று நினைக்கிறீர்கள்? பஸ் ஓட்டி வந்த டிரைவர். என் லட்டை அவன் கடித்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன் சார்.

நானும் சும்மா வந்துவிடவில்லை. அன்றைக்குப் பாத்திரம் பூராவும் நம் கடைப் பாத்திரம். முதல் பந்தி எழுந்ததும் லாரியைப் பின்வாசலில் விடச் சொன்னேன். அண்டா, வாளி, ஜக்கு, மேசை, நாற்காலி, ஒன்று விடாமல் ஏற்றினேன். சோற்றைப் பாயில் கொட்டினார்கள். சாம்பாரை எதில் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது, அது என் வேலையும் இல்லை. நானூறு பேர் இன்னும் சாப்பிட வேண்டியது இருந்தது என்று பிறகு சொன்னார்கள். இருக்கட்டும். பாத்திரம் என்னுடையது. ஆவுடை சாம்பார் வாளியோடு பந்திக்கு நடுவில் நின்றாள். கையை நீட்டினேன். கொடுத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கும் நியாயம் புரிந்துவிட்டது என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதோடு முடிந்தது. அவன் இரண்டு தடவை ஆள் விட்டான். ஒரு தடவை அவனே வந்தான், நான் கடையைப் பூட்டிவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் போய்விட்டேன். என் தங்கச்சியும்தான் எனக்கு இல்லாமல் போனாள். அதை யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

இந்த வருஷம் சங்கரபாண்டிக்கு அறுபது. மணிவிழா வைத்திருந்தான். கோமதியும் அவள் மகளும் வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ஆவுடை காபி போடுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் குடித்தார்கள். ரோஷம் இருக்கிறவர்கள் இந்த வீட்டில் காபி குடிப்பார்களா சொல்லுங்கள். போகும்போது கோமதி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, வந்திருங்கண்ணே" என்றாள். பத்திரிகையை ஆவுடை சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். தினமும் கும்பிடும்போது அதுதான் கண்ணில் படுகிறது. வியாழக்கிழமை விழா.

அப்போதுதான் எனக்குக் கப்பலில் போய்விடலாம் என்று தோன்றியது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ராபின்சன் என்று ஒருவர் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். அவரிடம் போனேன். மூன்று கப்பலின் படத்தை எடுத்துப் போட்டார். ஒன்றில் மேல்தளத்திலிருந்து சறுக்கி விளையாடலாமாம். ஒன்றில் சினிமாக் கொட்டகை இருக்கிறதாம். ஒன்று கொச்சியிலிருந்து போகிறதாம்.

"அதெல்லாம் இருக்கட்டும். இதுல எது வியாழக்கிழமை பூரா கடலுக்குள்ள நிக்கும்?" என்றேன்.

ராபின்சன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, எல்லாரும் எந்த ஊர்ல எறங்கலாம்னு கேப்பாங்க. நீங்க எறங்க முடியாத கப்பலாக் கேக்கியளே?"

"எறங்க முடியாதுல்லா?"

"குதிச்சாத்தான் உண்டு."

இந்தக் கப்பலை எடுத்தேன். புதன்கிழமை ஏற்றம், வியாழக்கிழமை பூராவும் கடல், வெள்ளிக்கிழமை திருகோணமலை, இன்றைக்குச் சனிக்கிழமை காலையில் சென்னை. இப்படித்தான் நான் கப்பலைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆவுடையிடம் சொன்னேன். "கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆவப்போவுது. ஒனக்குக் கப்பல் காட்டணும்னு தோணிச்சு."

அவள் காலண்டரைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "பட்டுச்சேல எடுத்துக்கிடலாமா?" சந்தோஷத்தில்தான் கேட்கிறாள் என்று நினைத்து, இரண்டாக எடுத்துக்கொள் என்றேன்.

புதன்கிழமை ஏறினோம். அறைக்குப் போனால் மேசையில் ஒரு அட்டை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு இங்கே இரண்டு வேளை வைத்திருக்கிறார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு கூட்டம் ஆறு மணிக்கு. அவர்கள் எழுந்த பிறகு இன்னொரு கூட்டம் எட்டரைக்கு. எங்களுக்குப் போட்டிருந்தது எட்டரை.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சார்? பூமியை விட்டுக் கடலுக்குள் வந்தாலும் இரண்டாம் பந்தி. ஒரு ஆளுக்கும் என்னைத் தெரியாது, அப்படியும் இரண்டாம் பந்தி.

நேரே கீழே அலுவலகத்துக்குப் போனேன். ஆவுடையும் பின்னாலேயே வந்தாள். அங்கே நாகர்கோவில் பெண் ஒருத்தி இருந்தாள், ஜெபஸ்டினா என்று சட்டையில் எழுதியிருந்ததாக ஆவுடை சொன்னாள். பொறுமையாகத்தான் பேசினாள்.

"அங்கிள், ரெண்டு நேரத்துக்கும் ஒரே சாப்பாடுதான். தனித்தனியா சூடாத்தான் வரும்."

"மொதப் பந்தியில மிஞ்சுனதத்தான் ரெண்டாவது பந்தியில போடுவாங்க. முப்பது வருஷமா பாக்கேன், எனக்கே சொல்லுதியா?"

"பந்தியா?" என்று சிரித்தாள். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "ஆறு மணிக்கு ஒரே ஒரு சீட்டுதான் காலியா இருக்கு அங்கிள். ஆன்ட்டிய விட்டுட்டு நீங்க மட்டுமா போவீங்க?"

நான் ஆவுடையைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க போங்க," என்றாள். "நான் அப்புறமா சாப்பிட்டுக்கிடுதேன்."

பெருந்தன்மை. அது அவளிடம் உண்டு. நான் அந்த ஒரு இடத்தை வாங்கிக்கொண்டேன்.

ஆறு மணிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் எண்ணிவிட்டேன். எழுபது மேசை, ஏறக்குறைய அறுநூறு பேர். தரை ஆடுகிறது, ஒரு கிளாஸ் சாயவில்லை. தட்டு எடுக்கிறவன் தட்டு மட்டும் எடுக்கிறான், தண்ணீர் ஊற்றுகிறவன் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறான். தொழில் சுத்தம். எனக்கு நல்ல இடம்தான் கொடுத்தார்கள், முன்வரிசை, வலது ஓரம். மேசையில் எனக்கு முன்னாலேயே ஏழு பேர் இருந்தார்கள். ஒரே குடும்பம், குஜராத்திக்காரர்கள். வெங்காயம் போடாத சாப்பாடு. அவர்களுக்குள் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், நடுவில் என் தட்டில் ஒரு ரொட்டியை வைக்கிறார்கள். பெரியவரிடம், "தென்காசி, பாத்திரக் கடை," என்றேன். "அச்சா, அச்சா," என்றார். அதற்கு மேல் பேச அவருக்கும் வழி இல்லை, எனக்கும் இல்லை. ஆறு மணிக்கு யாருக்குப் பசிக்கும்? ஆனாலும் முதல் பந்தி. நான் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் ஒரு ஆள் இல்லை.

சாப்பிட்டுவிட்டு மேல்தளத்தில் நடந்தேன். நான்கு சுற்று, ஐந்து சுற்று. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கப்பலில் எவ்வளவு நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. வழி தெரியவில்லையா என்று வேலையாள் ஒருவன் கேட்டுவிட்டான்.

ஆவுடை பத்து மணிக்கு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"எங்க டேபிள்ல எல்லாரும் ராஜபாளையத்துக்காரங்க," என்றாள். "திருவேங்கடம்னு ஒரு பெரியவரு, அவரு வீட்டுக்காரி ரெங்கம்மா, மக, மருமகன் எல்லாரும். வேன் பிடிச்சு மெட்ராஸ் வந்து ஏறியிருக்காங்க. அந்த அம்மா என்னை மதினிங்காங்க."

ஒரே ராத்திரியில் எங்கள் டேபிள் ஆகிவிட்டது. ஒரே ராத்திரியில் மதினி. நான் என்ன சாப்பிட்டேன் என்று அவள் கேட்கவில்லை.

வியாழக்கிழமை. காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கரன்கோவிலில் இப்போது மேளம், இப்போது கலசத் தண்ணீர் ஊற்றுவார்கள், இப்போது பந்தி என்று மனம் தானாக ஓடுகிறது. அவனுக்கு யார் பாத்திரம் கொடுத்திருப்பார்கள் என்று ஒரு யோசனை. ஆவுடை சாயங்காலம் அரக்குப் பட்டைக் கட்டினாள். தலை நிறையப் பூ. கப்பலில் பூ எங்கே கிடைத்தது என்று கேட்டேன். ரெங்கம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாளாம்.

அன்றைக்கும் ஆறு மணிக்கு நான் சாப்பிட்டாகிவிட்டது. எட்டரைக்கு மேல் நடந்துகொண்டிருந்தவனைக் கால் அப்படியே கீழே கொண்டுபோய்விட்டது. சாப்பாட்டு அறைக் கதவு கண்ணாடிக் கதவு. பார்க்கிறேன், நாலைந்து வேலையாட்கள் கையைத் தட்டிக்கொண்டு ஆவுடையின் மேசைக்கு ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இங்கே பிறந்தநாள், கல்யாணநாள் என்று யாராவது சொன்னால் அப்படிச் செய்கிறார்கள். மேசையில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். ஆவுடை கேக்கை வெட்டி ஒவ்வொருவர் தட்டிலும் வைக்கிறாள். சும்மா வைக்கவில்லை சார், விழா வீட்டுக்காரி வைக்கிற மாதிரி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குனிந்து குனிந்து வைக்கிறாள். முகம் தெரியாத ஆட்களுக்கு. அந்தத் திருவேங்கடம் கையைக் கூப்பி ஏதோ சொல்கிறார், அவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

என்னைப் பார்த்துவிட்டாள். ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு கதவுக்கு வந்தாள்.

"அண்ணனுக்கு மணிவிழா. எடுத்துக்கிடுங்க."

"நான் சாப்பிட்டாச்சு," என்றேன்.

"வயித்துக்குச் சொல்லல."

"ரெண்டாம் பந்தியில வந்து வாங்கித் திங்கணுமா நான்?"

அவள் அந்தத் துண்டை எடுத்து, அங்கேயே, கதவில் நின்றுகொண்டே அவளே தின்றாள். முழுசாகத் தின்றுவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்றுத் திருகோணமலையில் நான் இறங்கவில்லை. அவள் அந்தக் கூட்டத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள், விபூதி கொண்டுவந்தாள். சாயங்காலம் பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொன்னார்களே, அப்போதுதான் கவனித்தேன். என் பெட்டியில் மஞ்சள் சீட்டு, அவள் பெட்டியில் பச்சை. ஒரே அறைக்கு எப்படி இரண்டு நிறம் வரும்? தப்புச் செய்துவிட்டார்கள் என்று மறுபடி அந்த நாகர்கோவில் பெண்ணிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவள், "ஆன்ட்டிதான் அங்கிள் மாத்திக் கேட்டாங்க, ராஜபாளையம் ஃபேமிலி கூட எறங்கணும்னு," என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

அறைக்கு வந்தேன். ஆவுடை கட்டிலில் உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க வேன் சங்கரன்கோயில் வரைக்கும் வரும். அவங்க ஊரத் தாண்டி அரைமணி நேரந்தான். என்னைய எறக்கி விடுதேன்னு சொல்லியிருக்காங்க."

"விழாதான் முடிஞ்சு போச்சே. இனிமே அங்க என்ன சோலி?"

"விழாவையா பாக்கப் போறேன்? எங்க அண்ணனைப் பாக்கப் போறேன்."

"அவன் என்னை எலையிலருந்து எழுப்புனவன்."

சேலையை மடியில் வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒங்களை எழுப்புனாங்க, நீங்க எந்திரிச்சு நின்னீங்க. சரி. நான் எதுக்கு இத்தனை வருஷமா ஒங்ககூட நிக்கேன்? எனக்குக் கால் வலிக்குங்க."

கால் வலி என்றால் தைலம் போடலாம். பதினேழு வருஷமாக வலிக்கிறவள் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொன்னாள், கால் வலிக்கிறது என்று சொல்லவில்லையே. ராத்திரி பூராவும் இதே யோசனை.

காலையில் பச்சையைக் கூப்பிட்டதும் எழுந்தாள். வீட்டுச் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள்.

"வேன்ல ஒரு சீட்டு இருக்காம். ஒன்பதரை வரைக்கும் நிப்பாங்க. வந்தா வாங்க."

"எந்த சீட்டு?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினேழு வருஷத்தில் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. "கடைசி சீட்டு. பெட்டிகளுக்குப் பக்கத்துல," என்றாள். "அங்கயும் பந்தி எல்லாம் எந்திரிச்சாச்சு. அடுக்களையில என்ன இருக்கோ, உக்காந்து திம்போம்."

போய்விட்டாள். கடைசி சீட்டு சார். யோசித்துப் பாருங்கள். தாய்மாமன், அதுவும் மூட்டை முடிச்சோடு மூட்டையாக, மணிவிழா முடிந்து இரண்டு நாள் கழித்து, வாழைமரம் வாடிப்போய் நிற்கிற வாசலில் போய் இறங்க வேண்டும். சங்கரபாண்டி வாசலுக்கு வருவானா, மாட்டானா? கோமதி வருவாள். அவள் ஓடித்தான் வருவாள், அவளுக்கு ரோஷம் கிடையாது. அவன் வந்து, "மாப்ளே, சாப்பிட்டியா," என்று கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வது? அதற்கு ஒரு பதிலை நான் இத்தனை வருஷத்தில் யோசித்து வைக்கவில்லை. ஏச வேண்டியதை எல்லாம் வைத்திருக்கிறேன், வரிசையாக. இதற்கு இல்லை.

என்னுடையது மஞ்சள்தான். ஆமாம், கூப்பிட்டுவிட்டார்கள். மூன்று தடவை கூப்பிட்டார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மணி என்ன? ஒன்பது இருபதா?

நான் போகிறேன் என்று சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். வேன் அவர்களுடையது, அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் ஜன்னல் ஓரத்தைப் பிடித்திருப்பார்கள். வண்டியில் போனால் ஆவுடைக்குத் தலை சுற்றும், காற்று படாவிட்டால் குமட்டும். அது அவர்களுக்குத் தெரியாது, மூன்று நாள் பழக்கத்தில் எப்படித் தெரியும்? அவளும் வாயைத் திறந்து கேட்க மாட்டாள். அதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். இந்தப் பையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இது கனமில்லை. நான் வருகிற வரைக்கும் இந்த நாற்காலியை யாருக்கும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் சார்.

இல்லை, வேண்டாம். தூணுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா ரொம்ப நேரமாக நிற்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள்.